கோல் சொன்னதும் அம்மா சொன்னதும்

கேகாலைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் கற்பிக்கிறேன். எப்படிச் சிந்தித்தால் சரி, எந்த இடத்தில் தடுக்கி விழுகிறோம் என்று சொல்லித் தரும் பாடம் அது. அதைச் சொல்லித் தருகிறவள் தடுக்கி விழுந்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஐரோப்பாவில் சில அறிஞர்கள் வீண்பேச்சுக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று கிளம்பினார்கள். ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அது உண்மையா என்று கேட்காதே என்றார்கள். உண்மையா பொய்யா என்று எப்படிச் சரிபார்ப்பாய், அதை முதலில் கேள். வழி இருந்தால் அந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டு. எந்த வழியும் இல்லையென்றால் அது பொய்கூட இல்லை, வெறும் சத்தம். கணிதம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. "யட்டியாந்தோட்டையில் மழை பெய்கிறது" என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். "உலகம் ஒரு பெரிய அமைதிக்குள் உறங்குகிறது" என்றால் எங்கே போய்ப் பார்ப்பது?

நியமனம் கிடைத்த முதல் வருடம் இதைக் கற்பித்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சு இது. என் அப்பாவின் பேச்சு.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால் வெட்டினாள். அப்பா பால் கொட்டகையில் நின்று, வெட்டி வருகிற பாலைச் சோதித்தார். சோதிப்பதற்கு ஒரு கண்ணாடிக் கோல் உண்டு. ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, நீளமான பாத்திரத்தில் ஊற்றி, கோலை உள்ளே விடவேண்டும். பால் கெட்டியாக இருந்தால் கோல் ஆழமாக இறங்கும். நீர்த்த பாலாக இருந்தால் மேலே நிமிர்ந்து நிற்கும். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க முதலில் நாமே தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய வேடிக்கை. அப்பாவிடம் சொன்னால் சிரிக்கமாட்டார். கோல் விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது.

வாளியோடு வருகிற பெண்கள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "சொல்ல வேணாம், ஊத்து" என்பார். மரம் சரியில்லை, மழை, காய்ச்சல் எதுவும் அவர் காதில் ஏறாது. மனைவி பாலுக்கு ஒரு கோல், மற்றவர் பாலுக்கு ஒரு கோல் என்று ஊரில் ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பயம். அதனால் அம்மாவின் பாலை மற்றவர்கள் பாலைவிட இரண்டு மடங்கு முறைத்துப் பார்த்துச் சோதிப்பார். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் நிற்பாள். அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்கும்.

அந்த வருடம் பாடசாலை விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகச் சமையல் கற்றவர்கள் எல்லாவற்றுக்கும் மிளகாய் போடுவதுபோல, நான் எல்லாவற்றுக்கும் "எப்படிச் சரிபார்ப்பது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா, தன் நாத்தனாரின் கண் பட்டுத்தான் கோழி செத்தது என்றாள். நான் விடவில்லை. அவள் அதன்பிறகு என்னைக் கண்டாலே கோழிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டே, ஓடைக்கு அந்தப் பக்கத்து மரங்களைப் பற்றிச் சொன்னாள். தினமும் மரங்களைப் பற்றிச் சொல்வது அவள் வழக்கம். எந்த மரம் பட்டை காய்ந்துபோயிற்று, எது கத்தி பட்டதும் சிலிர்த்துக்கொள்கிறது என்று ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள்.

"ரெண்டு மூணு வெட்டா மரம் மனசில்லாமக் குடுக்குது. பால் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, ஆனா வரவரச் சத்து இல்ல" என்றாள்.

நான் 'மனசில்லாம' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மரத்துக்கு மனசு இருக்கிறதா இல்லையா என்று எப்படி அறிவீர்கள் அம்மா, இப்படிப்பட்ட வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்று ஒரு சின்ன விரிவுரை நடத்தினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை விரல் நுனியில் வைத்துக் கூர் பார்த்தாள். "படிச்சவுங்க சொன்னா சரிதான்" என்று எழுந்து போனாள்.

மறுநாள், திங்கட்கிழமை, அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டு கொட்டகைக்குப் போயிருந்தேன். அம்மாவின் முறை வந்தது. கோல் நிமிர்ந்து நின்றது. அப்பா கோலை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். மறுபடியும் நிமிர்ந்தே நின்றது.

"தண்ணி இருக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

"நான் ஊத்தல."

"கோல் சொல்லுது."

"நான் சொல்றேனே" என்றாள் அம்மா.

"நீ சொல்றத நான் எதுல முக்கிப் பாக்குறது?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நல்ல பதில்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அதை மறைக்கமாட்டேன். அம்மா வாளியைக் கவிழ்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் லயத்துக்கு நடந்தாள். இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவள் அவள். தண்ணீர் ஊற்றினாள் என்ற பேச்சு ஒருநாளும் அவள்மேல் வந்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார்மீதாவது பழி விழுந்தால், மலை ஏறும் வழியில் இருக்கிற முனியாண்டி கல்லுக்கு முன்னால் சூடம் கொளுத்துவார்கள். பழி விழுந்தவர் நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்கவேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் எடுத்தவர்மேல்தான் ஊர் கோபப்படும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அம்மா குளித்து, ஈரத் தலையோடு, கையில் ஒரு கட்டிச் சூடம் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவைக் கூப்பிட்டாள். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் போதும் என்றாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, கோல் இருக்கும்போது சூடம் எதற்கு என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நீயாவது வா என்கிற பார்வை அது. அன்றைக்கு அதைப் புரிந்துகொண்டுதான் தவறு செய்தேன். புரியாமல் செய்திருந்தால் இப்போது இவ்வளவு உறுத்தாது. சத்தியம் செய்வதால் எதுவும் தெரியவராது அம்மா, பொய் சொல்கிறவரும் சூடம் அணைக்கலாம், கை சுடுவதற்கும் தண்ணீர் ஊற்றாததற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அவள் உள்ளங்கையிலிருந்து சூடத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் விரல்களை மடக்கவில்லை.

அன்றைக்குக் கொட்டகையில் கோல் ஆழமாக இறங்கியது. நல்ல பால். ஒரு மரத்தைத் தினமும் வெட்டமாட்டார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் மலையில் இரண்டு பகுதி மரங்கள் உண்டு, துண்டு என்பார்கள். அம்மாவுக்குத் திங்கட்கிழமை ஓடைக்கு அந்தப் பக்கம், செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம். கொட்டகையில் நிற்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும், "பாத்தியா, நேத்து சொன்னதும் இன்னைக்குச் சரியாயிருச்சு" என்றார் அப்பா. அம்மா பயந்துபோய் இன்றைக்கு ஊற்றவில்லை என்று அர்த்தம். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி வாதாடியிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். அப்பா சொன்னபோது எனக்கு அது ஓர் ஆதாரமாகவே பட்டது.

ஆனால் உள்ளே எங்கோ அம்மா பொய் சொல்லமாட்டாள் என்றும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. அப்பாவிடமிருந்து வந்த குணம். சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். புதன்கிழமை நான் அம்மாவோடு மலைக்குப் போவேன். முதல் வெட்டிலிருந்து கொட்டகை வரை அவளை விட்டு நகரமாட்டேன். வாளியை நானே தூக்குவேன். அதன்பிறகு கோல் சொல்லட்டும். இதை அம்மாவுக்குச் செய்கிற பெரிய உதவியாக நினைத்தேன்.

சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குக் காவல் வர்றியா?" என்று கேட்டாள். அப்படி இல்லை, உங்களுக்காகத்தான் என்றேன். "வா" என்றாள்.

முந்நூறு மரம். அட்டை ஏறாமலிருக்க உப்புத் துணியைக் காலில் கட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். அவள் ஒரு மரத்திடமிருந்து இன்னொரு மரத்துக்குப் போகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. பழைய வெட்டில் காய்ந்து ஒட்டிய பால் இழையை இழுத்து எடுப்பாள், பட்டையில் கத்தியை ஒரே இழுப்பு இழுப்பாள், சிரட்டையைத் திருப்பி வைப்பாள், போய்விடுவாள். நான் ஒவ்வொரு சிரட்டையையும் எட்டிப் பார்த்தேன். ஓடையைத் தாண்டும்போது அவள் வேண்டுமென்றே நின்று, இரண்டு கைகளையும் விரித்து என்னிடம் காட்டிவிட்டுத் தாண்டினாள். அது கேலியா, கோபமா என்று அப்போது யோசிக்கவில்லை. பால் எடுக்கும் நேரத்தில் வாளியை நான் தூக்கினேன். தோள் கழன்றது. கொட்டகை வரை அதை யாரும் தொடவிடவில்லை.

கோல் நிமிர்ந்து நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் பார்த்தேன் அப்பா, ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை, முந்நூறு மரமும் நான் கூடவே இருந்தேன், அப்படியானால் தப்பு தண்ணீரில் இல்லை, பாலிலேயே ஏதோ இருக்கிறது என்று சத்தமாக அடுக்கினேன். மலை வேலைகளை மேற்பார்க்கிற ஐயா அங்கே நின்றிருந்தார். சிங்கள இளைஞர், நன்றாகத் தமிழ் பேசுவார். எந்தத் துண்டு என்று கேட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம் என்றதும், "ஹரி, ஹரி" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். போன வாரம் பௌர்ணமிப் போயா லீவில் வேறு ஆட்களை வைத்து அந்தத் துண்டுக்கு மட்டும் 'பேத்' பூசினோமே என்றார். மருந்தைத்தான் அப்படிச் சொன்னார். பால் கூடுதலாக வருவதற்குப் பட்டையில் பூசுகிற மருந்து. அதைப் பூசினால் பால் நிற்காமல் ஓடும், ஆனால் நீர்த்துப்போகும். கொட்டகைக்குச் சொல்ல மறந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னார்.

நிற்காமல் ஓடுகிறது, சத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா இதைத்தான் சொன்னாள். மனசில்லாமல் என்ற ஒரு சொல்லைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்ததில் மிச்சத்தை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், முந்நூறு மரம் நடந்திருக்கவேண்டாம். பொருளே இல்லை என்று நான் தள்ளிய வாக்கியத்தில்தான் விடை இருந்தது.

அப்பா தலையைக் குனிந்து கோலைத் துடைத்தார். "அப்ப சரி" என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான். நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டே விட்டேன், உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா என்று.

"நீ பாத்தது இன்னைக்கு. நான் ஊத்தலன்னு சொன்னது திங்கக்கெழம" என்றாள் அம்மா. "திங்கக்கெழம நான் ஊத்தலங்கிறத இன்னமும் யாரும் பாக்கலதானே?"

நான் நின்றுவிட்டேன். அளவையியல் அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. புதன்கிழமைச் சோதனை புதன்கிழமை வாக்கியத்தைத்தான் சரிபார்க்கும். திங்கட்கிழமை போய்விட்டது, அதன் பின்னால் யாரும் நடக்கமுடியாது. அது மருந்துதான் என்று நாங்கள் முடிவு செய்துகொள்ளலாம், அவ்வளவே.

"மருந்துன்னு தெரிஞ்சதும் நம்புறீங்க. நான் சொன்னப்ப அது என்னவா இருந்துச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் முன்னால் நடந்தாள். அம்மா அதன்பிறகு எங்களோடு பேசாமல் இருந்தாள் என்று சொன்னால் பொய். மறுநாளே வழக்கம்போலப் பேசினாள், சிரித்தாள், அப்பாவுக்குச் சோறு போட்டாள். மரங்களைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பின்னேரத்தில் கத்தியைத் தீட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மரம் எப்படி அம்மா என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "இருக்கு" என்பாள்.

அந்தப் பாடத்தை இப்போதும் கற்பிக்கிறேன். பின்வரிசையில் ஒரு மாணவி ஒருமுறை எழுந்து, சரிபார்க்க முடிந்தால்தான் பொருள் உண்டு என்கிறீர்களே டீச்சர், அந்த வாக்கியத்தையே எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டாள். பழைய மறுப்புத்தான், புத்தகத்தில் இருக்கிறது. அது சரிபார்க்கும் வாக்கியம் இல்லை, நாம் வைத்துக்கொள்ளும் ஒரு விதி என்ற பதிலும் இருக்கிறது. சொன்னேன். அவள் திருப்தியில்லாமல் உட்கார்ந்தாள். எனக்கும் திருப்தி இல்லை. நான் ஊத்தல என்று ஒருவர் சொல்லும்போது அதில் தண்ணீரைப் பற்றிய செய்தி மட்டுமா இருக்கிறது? என்னோடு நில் என்பதும் இருக்கிறது. அந்தப் பாதியை எந்தப் பாத்திரத்திலும் ஊற்றமுடியாது. அதற்காக அது வெறும் சத்தம் என்று இப்போது என்னால் சொல்லமுடியவில்லை.

போன வருடம் என் முறை வந்தது. தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. பரீட்சைக்கு முன்பே வினாக்கள் பிள்ளைகளின் கைபேசிகளில் சுற்றியிருந்தன. வெளியே விட்டது நான்தான் என்று யாரோ மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். விசாரணைக்கு அழைத்து ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை என்றேன். கொடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் டீச்சர் என்று மரியாதையாகவே கேட்டார்கள். தாள் இரண்டு வாரம் என் பையில் இருந்தது. அந்த இரண்டு வாரமும் என் பின்னால் நடந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கடைசியில் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி முடித்தார்கள். செய்யவில்லை என்று எழுதவில்லை. இனி வினாத்தாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நேராக யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறினேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அப்பா, யாராவது பார்த்தார்களா, தாளைப் பூட்டி வைத்திருந்தாயா என்று கேட்கத் தொடங்கினார். என்மேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறார் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஒரு அங்குலம் சுருங்கினேன். எல்லாப் பதிலும் என்னிடம் இருந்தது, ஒன்றுகூட எதையும் நிரூபிக்கவில்லை.

"நான் குடுக்கலம்மா" என்றேன். சின்னப் பிள்ளைபோல அழுதேன். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று பயமாக இருந்தது. உலகத்தில் யாரிடமும் இல்லாத உரிமை, என்னைச் சோதித்துப் பார்க்கும் உரிமை, அவளிடம் இருந்தது. சுவாமி தட்டில் ஒரு கட்டிச் சூடம் இருந்தது கண்ணில் பட்டது. யோசிக்கவே இல்லை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முனியாண்டி கல்லுக்குப் போவோம், நான் அணைக்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்றேன். என்ன சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அம்மா என் கையைப் பார்த்தாள். ஒரு கணம் எங்கள் இருவருக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். இதையும் சரிபார்க்க வழி இல்லை. அவள் என் உள்ளங்கையிலிருந்து சூடத்தை எடுத்துத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"எதுக்குடி கையச் சுட்டுக்கிற? நீதான் சொல்லிட்டியே" என்றாள். "மொகத்தக் கழுவிட்டு வா, சாப்புடலாம்."